மா இங்க அரைபடுது, பிஸ்கட் அங்கயிருந்து வருது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில சக்தி மையம் வரப்போகுது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எல்லாம் திருத்தப்போறாங்க, இந்தியாவில இருந்து குழாய் போடப்போறாங்க, சம்பூரில சூரிய மின்சாரம் வருது எண்டு உங்கட பத்திரிகையிலயும் மற்றப் பத்திரிகைகளிலயும் தொடர்ந்து செய்தி வந்துகொண்டிருக்கு. 2025 ஏப்ரலில இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மூண்டு நாடும் சேர்ந்து புரிந்துணர்வு ஒப்பந்தத்திலயும் கையெழுத்து வச்சாச்சு. வாசிக்க சந்தோசமாத்தான் இருக்கு, எனக்கும்தான். ஆனா இப்பிடியான செய்திகளில கடைசி வரியா "இதனால் திருகோணமலை மாவட்டம் அபிவிருத்தி அடையும்" எண்டு ஒண்டு வரும் பாருங்க, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரு பெரிய திட்டம் எங்கட ஊரில இருக்கிறதும் எங்கட ஊர் வளர்றதும் ஒண்டா? நான் உயர்தரத்துக்கு பொருளியல் படிப்பிக்கிற ஆள். இந்தக் கேள்வியை வகுப்பில போட்டா பிள்ளைகள் யோசிக்காமலே "இல்ல சேர்" எண்டு சொல்லுவாங்க, ஏனெண்டா அந்தப் பதிலோடதான் அவங்க ஒவ்வொருத்தரும் வீட்டில வளர்றாங்க.

சீனக்குடாவில இருக்கிற பிறீமா மா ஆலையை எடுங்க. 1980ல தொடங்கினது, ஒரே இடத்தில இருக்கிற மா ஆலைகளுக்குள்ள உலகத்திலயே பெரியதுகளில ஒண்டு எண்டு பேர் எடுத்தது. கோதுமை வெளிநாட்டில இருந்து கப்பலில வந்து ஆலையடியிலயே இறங்குது, எங்கட துறைமுகம் இயற்கையிலயே ஆழம் எண்டபடியா பெரிய கப்பலும் கரைக்கு கிட்ட வரும், அதுக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. அரைச்ச மா மூட்டையாகி நாடு முழுக்கப் போகுது. இப்ப டவுனில ஏதாவது ஒரு கடையில பிஸ்கட் பக்கற் ஒண்டு வாங்கி பின்பக்கத்தைத் திருப்பி விலாசத்தைப் பாருங்க, நாங்க எல்லாரும் சாப்பிடுற பெரிய கொம்பனி பிஸ்கட் எண்டா ரத்மலானை, பன்னிப்பிட்டி எண்டுதான் இருக்கும். மா ஆலை இருக்கிற ஊரில இருக்கிற நாங்க இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அங்கால செஞ்ச பிஸ்கட்டை, அது லொறியில வந்த கூலியையும் சேர்த்துக் குடுத்து வாங்கிச் சாப்பிடுறம்.

இதில அந்த ஆலையையோ பிஸ்கட் கொம்பனியளையோ குறை சொல்ல ஒண்டுமில்ல. பிஸ்கட் போடுறவருக்கு மா மட்டும் காணாது, சீனி வேணும், எண்ணெய் வேணும், பளபளப்பான உறை அடிக்கிற அச்சகம் வேணும், காட்போட் பெட்டி செய்யிறவர் வேணும், மெசின் பழுதானா அண்டைக்கே வந்து பார்க்கிற மெக்கானிக் வேணும், எல்லாத்துக்கும் மேல வாங்குற சனம் கிட்ட இருக்க வேணும். இதெல்லாம் கொழும்பைச் சுத்தி ஏற்கனவே இருக்கு. அப்ப புதுசா வாற கொம்பனியும் அங்கதான் போகும், அது போனதால வேலை தேடுற சனமும் அங்க போகும், சனம் கூடினதால இன்னும் கொம்பனி அங்க போகும். போல் க்ருக்மன் எண்ட அமெரிக்கப் பொருளியலாளர் 1991ல இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினவர், 2008ல நோபல் பரிசு கிடைச்சதுக்கு இந்த வேலையும் ஒரு காரணம். ஒரே அளவான ரெண்டு பிரதேசம் இருந்தாக் கூட, ஏதோ ஒரு சின்னக் காரணத்தால ஒண்டு கொஞ்சம் முந்தினா அந்த முந்தல் தன்னைத்தானே பெருப்பிச்சுக்கொண்டு போகும், தானா நிக்காது. எங்களுக்கு இதில படிக்க வேண்டியது என்னெண்டா, வளர்ச்சி நிரம்பினதும் தானா மற்றப் பக்கம் வழியும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. கந்தளாய்க் குளம் எவ்வளவு நிரம்பினாலும் வாய்க்கால் வெட்டின பக்கம்தானே வயல் விளையுது.

கணக்கைப் பாருங்க. மேல் மாகாணம் நாட்டு நிலத்தில ஆறு வீதத்துக்கும் குறைவு, 2012 கணக்கெடுப்பின்படி சனத்தொகையில 28 வீதத்துக்கு மேல, ஆனா நாட்டு உற்பத்தியில 40 வீதத்தையும் தாண்டி நிக்குது. கிழக்கு மாகாணம் நிலத்தில 15 வீதம், சனத்தில ஏழரை வீதம், உற்பத்தியில ஐஞ்சு ஆறு வீதம்தான். போர்தான் காரணம் எண்டு சொல்லுவாங்க. போர் எங்களுக்குச் செய்த அழிவை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டன், முப்பது வருசம் எந்த முதலீடும் வராம, றோட்டில போய் வரவே பயந்து, படிச்ச ஆக்கள் நாட்டை விட்டுப் போய், அதெல்லாம் நாங்க அனுபவிச்சது. ஆனா இந்த ஏற்றத்தாழ்வு 1983ல தொடங்கினது எண்டு நினைச்சா தப்பு, அது நூறு வருசம் முன்னுக்கே போட்ட அத்திவாரம்.

யோசிச்சுப் பாருங்க, உலகத்திலயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில ஒண்டு எங்களிட்ட இருக்கு, கொழும்பில அப்பிடி ஒண்டும் இல்ல, திறந்த கடல்தான். வெள்ளைக்காரன் கோப்பி போட்டான், பிறகு தேயிலை போட்டான், எல்லாம் மலைநாட்டில. அதை இறக்க 1867ல கண்டி வரைக்கும் றெயில் போட்டான், அந்த றெயில் போய் முடிஞ்ச இடம் கொழும்பு. றெயில் வந்து நிக்கிற இடத்தில கப்பலும் நிக்க வேணும் எண்டதுக்காக 1875ல கடலுக்குள்ள கல்லைப் போட்டு அலைதாங்கி கட்டத் தொடங்கி பத்து வருசத்தில ஒரு துறைமுகத்தையே செயற்கையா உண்டாக்கினான். அதுக்குப் பிறகு, அதுவரைக்கும் பெரிய துறைமுகமா இருந்த காலியும் படுத்துது. திருகோணமலைக்கு றெயில் வந்தது 1920களின்ட கடைசியில, அதுவும் கல்ஓயாவில பிரிஞ்சு வாற கிளைப் பாதை, அந்த நேரம் கொழும்பு அரை நூற்றாண்டு முன்னால போயிட்டுது. துறைமுகத்தின்ட பெறுமதி தண்ணியின்ட ஆழத்தில மட்டும் இல்ல, அதுக்குப் பின்னால இருக்கிற நிலம் என்ன விளைவிக்குது, அந்த விளைச்சல் எந்த வழியால வருது எண்டதிலயும்தான் இருக்கு.

எங்கட துறைமுகத்தை அவங்க கடற்படைக்கு மட்டும் வச்சுக்கொண்டாங்க. எண்ணெய்த் தாங்கியள் கட்டினதும் கடற்படைக்குத்தான், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதும் அதுக்காகத்தான். கடற்படைத் தளத்தால டவுனில வேலை இருந்துது, கடையள் இருந்துது, எங்கட பெரியாக்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுவாங்க. 1957ல பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைச்சுப் போட்டுப் போனதோட அந்த வேலையும் போச்சு. ஒரே ஒரு பெரிய ஆளை நம்பி இருந்த ஊருக்கு நடந்தது அதுதான். இப்ப அதே தாங்கியள், 99ம், 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 இந்தியன் ஒயிலின்ட இலங்கைக் கொம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்த கொம்பனிக்கு எண்டு பிரிச்சிருக்கு. ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட 12,000 கிலோலீற்றர் கொள்ளும். நல்லா நடக்கட்டும். ஆனா ஒரு எண்ணெய்த் தாங்கியைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேணும்? ஒரு சூரிய மின் நிலையத்தை, கட்டி முடிஞ்சாப் பிறகு, நடத்த எத்தனை பேர் வேணும்? மிகக் கொஞ்சம். மின்சாரம் கம்பியில ஏறி நாடு முழுக்கப் போகும், எண்ணெய் குழாயிலயும் பவுசரிலயும் போகும். சம்பூர்ச் சனம் 2006ல இடம்பெயர்ந்து, காணியை விட வேணும் எண்டு பத்து வருசத்துக்கு கிட்ட முகாமில இருந்து போராடி, அதுக்குப் பிறகுதான் திரும்பி வந்ததுகள். அந்தச் சனத்தின்ட பிள்ளைகளுக்கு அந்தச் சூரிய மின் நிலைய வேலிக்கு உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு கேட்கிறது நியாயமான கேள்வி.

மீன் வியாபாரத்தைக் கிட்ட நிண்டு பார்த்தா இது இன்னும் விளங்கும், எங்கட குடும்பமும் அந்த வியாபாரத்தில இருந்ததுதான். விடியக் கரையில படகு வந்து சேர, சூரை, கெலவல்லா, பாரை எண்டு தரம் பிரிச்சு, ஐஸ் கட்டியை இடிச்சு றெஜிபோம் பெட்டியில ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு மீன் எண்டு போட்டு லொறியில ஏத்துவாங்க. ஏத்தேக்க சம்மாட்டியின்ட காதில போன் இருக்கும், "இண்டைக்கு என்ன விலை?" எண்டு கேட்கிறது கொழும்புக்குப் பக்கத்தில பேலியகொடை மீன் சந்தையில இருக்கிற ஆளிட்ட. எங்கட கடலில பிடிச்ச மீனுக்கு எங்கட கரையில விலை இல்ல, அங்க ஏலத்தில என்ன போகுதோ அதில லொறிக் கூலி, ஐஸ் காசு, கமிசன் எல்லாம் கழிச்சு மிச்சம் வாறதுதான் இங்க விலை. மீன் கூடப் பட்ட அண்டைக்கு விலை விழும், ஆனா பிடிச்சு வைக்க பெரிய குளிரறை இல்லாதபடியா அண்டைக்கே வித்தாக வேணும், அது வாங்குறவருக்கும் நல்லாத் தெரியும். மீனைத் துண்டு போட்டு பொதி பண்ணி அனுப்பினா அந்த வேலையில நூறு பொம்பிளைப் பிள்ளைகள் இருப்பாங்க, அது நடக்கிறது வேற இடத்தில. எங்கட கடையில அடுக்கி இருக்கிறது சீனாவில இருந்து வந்த டின் மீன்.

நெல்லும் இப்பிடித்தான். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், சேருவில எல்லாம் விளையுற நெல்லில பெரும்பங்கு பொலன்னறுவைப் பெரிய ஆலைக்காரரிட்டப் போகுது, அரிசியா திரும்பி வருது. புல்மோட்டையில இல்மனைட், ரூட்டைல் எண்ட கனிம மண்ணை 1957ல கூட்டுத்தாபனம் தொடங்கினதுக்குப் பிறகு தோண்டுறாங்க, வெளிநாட்டுக்கு மண்ணாகவே ஏத்துறாங்க, அதில இருந்து பெயின்டுக்குப் போடுற டைட்டேனியம் மூலப்பொருள் செய்யிறது வேற நாட்டுக்காரன். நிலாவெளி ஹொட்டேலுக்கு மரக்கறி தம்புள்ளையில இருந்து வருது. கந்தளாயில சீனித் தொழிற்சாலை 1960ல தொடங்கி, 1990களில மூடி, இப்பவும் துருப்பிடிச்சு நிக்குது, கரும்பு வைச்ச குடும்பங்கள் வேற வழி பார்த்துப் போயிட்டாங்க.

கன்னார் மிர்டால் எண்ட சுவீடன் பொருளியலாளர் 1957ல சொன்னது இங்க அப்பிடியே பொருந்துது. ஒரு மையம் வளர்ந்தா மற்ற இடங்களில இருந்து ஆக்களையும் காசையும் வியாபாரத்தையும் இழுக்கும், அதே நேரம் மற்ற இடத்துப் பொருளை வாங்கி, வேலை குடுத்து கொஞ்சம் திருப்பியும் குடுக்கும். இந்த இழுப்பு பெரிசா அந்தத் திருப்பல் பெரிசா எண்டதுதான் கேள்வி, ஏழை நாட்டில இழுப்புத்தான் பெரிசு எண்டு அவர் எழுதினவர். அடுத்த வருசமே அல்பேர்ட் ஹேர்ஸ்மன் எண்ட இன்னொரு பொருளியலாளர் கொஞ்சம் நம்பிக்கையாச் சொன்னவர், காலம் போகப் போக பரவும், ஆனா அதுக்கு அரசாங்கம் கை போட வேணும் எண்டு. என்ட வகுப்பில நல்லாப் படிக்கிற பிள்ளை பெரும்பாலும் கொழும்புக்கு, இல்லாட்டி வெளிநாட்டுக்கு. மூதூரில இருந்தும் கிண்ணியாவில இருந்தும் மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் அனுப்பின காசு இங்க வீடா நிக்குது, அந்த வீடு கட்டின நாளில மேசனுக்கு வேலை இருந்தது, கட்டி முடிய அதுவும் முடிஞ்சுது. காசு வந்துது, ஆனா தங்கி இன்னொரு தொழிலாகல்ல.

றோட்டுப் போட்டா எல்லாம் சரி எண்டு நினைக்கிறாக்களுக்கும் ஒண்டு சொல்ல வேணும். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தாங்க, 396 மீற்றர் நீளம். அதுக்கு முதல் தண்ணியில மிதக்கிற பாதையில (தெப்பம் மாதிரி) ஏறித்தான் கடக்க வேணும், மழைக்காலத்தில, இரவில, வருத்தக்காரரோட அந்தக் கரையில காத்து நிண்ட ஆக்களுக்கு அந்தப் பாலம் என்னெண்டு தெரியும். அதை நான் ஒரு நாளும் குறைச்சுச் சொல்ல மாட்டன். பாலம் வந்தாப் பிறகு கிண்ணியாப் பிள்ளைகள் டவுனுக்குப் படிக்க வாறது லேசாச்சு, ஆஸ்பத்திரி கிட்ட வந்துது. அதே நேரம் பெரிய சாமான் வாங்க சனம் டவுனுக்கும் அங்கால தம்புள்ளைக்கும் போகத் தொடங்கிச்சு, கொழும்பு மொத்த வியாபாரியின்ட லொறி நேரா கிண்ணியாக் கடைவாசலில வந்து நிண்டுது, உள்ளூரில இடையில நிண்டு வியாபாரம் செஞ்ச சின்ன ஆக்கள் சில பேர் அதோட கையை விட்டாங்க. றோட்டு ரெண்டு பக்கமும் ஓடும். ஜப்பானில வேக றெயில் போட்டு சின்ன நகரங்களை டோக்கியோவோட இணைச்சபோது, சில நகரத்துக் கடையளும் கிளை ஒபிசும் டோக்கியோவுக்கே உறிஞ்சுபட்டுப் போச்சு எண்டு அங்கத்தைய ஆக்களே எழுதியிருக்காங்க. க்ருக்மனின்ட கணக்கிலயும் அது இருக்கு, போக்குவரத்துச் செலவு அரைகுறையா குறையேக்க மையம்தான் முதல்ல லாபம் எடுக்கும். அதுக்காக பாலம் வேண்டாம் எண்டு சொல்ல முடியுமா? 2021 நவம்பரில குறிஞ்சாக்கேணியில பாலம் கட்டுறதுக்காக பழசை உடைச்சுப் போட்டு ஒழுங்கான மாற்றுவழி குடுக்காம விட்டதால மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தாங்களே, அதை நினைச்சா இண்டைக்கும் நெஞ்சு பதறுது. பாலம் வேணும், றோட்டு வேணும், அது சனத்தின்ட உரிமை. அதோட சேர்த்து இந்தப் பக்கம் விக்கிறதுக்கு ஒரு பொருளும் தொழிலும் உண்டாக்க வேணும் எண்டுதான் சொல்லுறன்.

அம்பாந்தோட்டையில என்ன நடந்துது? 2010ல துறைமுகம், 2013ல மத்தளை விமான நிலையம், பெரிய பெரிய றோட்டு. கடன் வாங்கிக் கட்டினது. கட்டின நேரம் அந்தத் துறைமுகத்துக்கு ஏத்தி இறக்கச் சரக்கு அந்தப் பக்கத்தில இல்ல, விமானத்தில ஏற ஆளும் இல்ல. கடைசியில 2017ல துறைமுகத்தை 99 வருசக் குத்தகைக்கு சீனக் கொம்பனிக்குக் குடுத்தாங்க. சந்தையும் தொழிலும் இல்லாத இடத்தில கட்டிடம் மட்டும் எழும்பினா இதுதான் வரும். மற்றப் பக்கம் தமிழ்நாட்டில திருப்பூரைப் பாருங்க, அங்க கடலே இல்ல, துறைமுகம் தூத்துக்குடியில. ஆனா இந்தியாவின்ட பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில அரைவாசிக்கு மேல அந்த ஒரு ஊரில இருந்து போகுது. நூல் ஒருத்தர், பின்னுறது ஒருத்தர், சாயம் ஒருத்தர், தைக்கிறது ஒருத்தர், பட்டன் ஒருத்தர், பெட்டி ஒருத்தர் எண்டு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஆக்கள் ஒரே ஊருக்குள்ள ஒருத்தரில ஒருத்தர் தங்கி நிக்கிறாங்க. சாயத்தண்ணியால நொய்யல் ஆறு கெட்டுப்போனதும் உண்மை, அதை மறைக்கத் தேவையில்ல, அந்தப் பிழையை நாங்க செய்யக் கூடாது. ஆனா தொழில் எப்பிடி ஒரு ஊரில வேர் பிடிக்குது எண்டு படிக்க அதை விட நல்ல இடம் இல்ல.

அவ்வளவு தூரம் போவானேன், தம்புள்ளையே போதும். 1999ல அங்க பொருளாதார மத்திய நிலையம் எண்டு ஒரு மொத்தச் சந்தை போட்டாங்க. பெரிய ஃபெக்டரி ஒண்டும் இல்ல, கடல் இல்ல, நாலு பக்க றோட்டும் சந்திக்கிற இடம் எண்டது மட்டும்தான். இப்ப மரக்கறியின்ட விலை அங்கதான் பேசப்படுது. விலை பேசுற இடத்துக்கு லொறி வரும், லொறி வாற இடத்துக்கு கராஜ் வரும், டயர்க் கடை வரும், சாப்பாட்டுக் கடை வரும், வங்கி வரும், தங்குற அறை வரும். ஒரு ஊரில எதைச் செய்யிறாங்க எண்டதை விட எதின்ட விலையை அங்க தீர்மானிக்கிறாங்க எண்டது பெரிசு, இதை நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லுறனான்.

அரசாங்கம் நினைச்சா தொழிலைப் பரப்ப ஏலும் எண்டதுக்கும் எங்கட நாட்டிலயே சாட்சி இருக்கு. 1978ல கட்டுநாயக்காவில சுதந்திர வர்த்தக வலயம் போட்டாங்க, விமான நிலையத்துக்குப் பக்கத்தில, கொழும்புத் துறைமுகத்துக்குக் கிட்ட, அதால மேல் மாகாணம் இன்னும் வீங்கினது. 1992ல பிரேமதாச ஜனாதிபதியா இருக்கேக்க இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் எண்டு கொண்டுவந்து, கிராமத்தில போய்த் திறக்கிற கொம்பனிக்கு ஏற்றுமதிக் கோட்டா, அதாவது வெளிநாட்டுக்கு இவ்வளவு ஆடை அனுப்பலாம் எண்ட அனுமதி, குடுத்தாங்க. கோட்டா வேணும் எண்டா கிராமத்துக்குப் போ. அவ்வளவுதான், கொம்பனியள் போச்சுது. எல்லாம் நிலைக்கல்ல, கோட்டா முடிஞ்சாப் பிறகு சிலது மூடினது, போர் நடந்த எங்கட பக்கத்துக்கு அதின்ட பலன் சரியா வந்து சேரவும் இல்ல. ஆனாலும் நிபந்தனை போட்டா தொழில் நகரும் எண்டது அதில நிரூபணமாச்சு.

அதனால எண்ணெய்த் தாங்கி, சூரிய மின்சாரம், குழாய் எல்லாத்துக்கும் ஒப்பந்தம் எழுதேக்க நிபந்தனையும் எழுதுங்க எண்டுதான் நான் கேட்கிறன். வெல்டிங், பைப் ஃபிட்டிங், மின்சாரம், பெயின்டிங், தீயணைப்பு, லொறி, சாப்பாடு, காவல், இதில இவ்வளவு வீதம் மாவட்டத்துக்குள்ள பதிஞ்ச ஆக்களுக்கு எண்டு ஒப்பந்தத்திலயே இருக்கட்டும். அந்த வேலைக்குத் தகுதியான ஆள் இங்க இல்ல எண்டு பிறகு சொல்லக் கூடாது, வேலை தொடங்க ரெண்டு வருசம் முன்னுக்கே இங்க உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில அதே வேலைக்கான பாடநெறியைத் தொடங்குங்க, தமிழிலயும் சிங்களத்திலயும், மூதூர், சம்பூர், கிண்ணியா, குச்சவெளிப் பிள்ளைகளுக்கு பஸ் காசோட. கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட திருகோணமலை வளாகம் இருக்கு, வணிகமும் கணினியும் படிச்ச பிள்ளைகள் ஒவ்வொரு வருசமும் வெளிய வாறாங்க, அந்தக் கொம்பனியளின்ட கணக்குப் பகுதியும் கொள்வனவுப் பகுதியும் கொழும்பில ஏன் இருக்க வேணும், இங்க இருக்கட்டுமே. கொள்வனவு மனேஜர் இருக்கிற ஊரில இருக்கிற கடைக்காரன்தான் முதல்ல ஓடர் எடுப்பான்.

மின்சாரம் இங்க உற்பத்தியாகுது எண்டா அதில ஒரு பங்கை மலிவா குளிரறைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் குடுக்க ஏலாதா? மீன்பிடித் துறைமுகம் இருக்கிற கொட்பே பக்கத்தில ஒரு ஏல மண்டபமும் ஒரு பெரிய குளிரறையும் வந்தா பேலியகொடை வியாபாரி போன் எடுக்காம ஆளா இங்க வர வேண்டி வரும். என்னைப் பொறுத்தவரைக்கும் அறுபது தாங்கியை விட அந்த ஒரு குளிரறை இந்த மாவட்டத்துச் சனத்துக்குக் கூடப் பிரயோசனம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சமூகமும் கடலுக்குப் போற ஊர் இது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில கைக்கு வாற பலன் அது.

இன்னொண்டு, தீர்மானம் எடுக்கிற இடம். கிழக்கு மாகாண சபையின்ட காலம் 2017ல முடிஞ்சு, அதுக்குப் பிறகு ஆளுநர்தான் நடத்துறார். மாகாண சபையின்ட தலைமை அலுவலகங்கள் இருக்கிறதே எங்கட டவுனில. சபை ஒண்டு இருந்தா உள்ளூர் ஆக்கள் இந்த நிபந்தனையளைப் பற்றிப் பேச ஒரு இடமாவது இருக்கும், இப்ப எல்லாமே கொழும்பிலயும் டில்லியிலயும் முடிஞ்சு எங்களுக்கு செய்தியாத்தான் வருது. அதோட மாகாண மட்டத்தில மட்டும் வாற உற்பத்திக் கணக்கை மாவட்ட மட்டத்திலயும் ஒவ்வொரு வருசமும் வெளியிட வேணும். திருகோணமலையில எவ்வளவு உண்டாகுது, அதில எவ்வளவு திருகோணமலைச் சனத்தின்ட கையில நிக்குது எண்டு தெரியாம அபிவிருத்தி வந்துது வரல்ல எண்டு எப்பிடி விவாதிக்கிறது?

உங்களிட்ட என்ட வேண்டுகோள் ஒண்டுதான். அடுத்த முறை அமைச்சரோ அதிகாரியோ இந்தச் சக்தி மையம் பற்றி செய்தியாளர் கூட்டம் வச்சா உங்கட செய்தியாளர் எழும்பி நேரா கேட்கட்டும்: இதில மாவட்டத்துக்குள்ள நிரந்தர வேலை எத்தனை, உள்ளூரில வாங்கப் போறது என்னென்ன, எங்கட பிள்ளைகளுக்குப் பயிற்சி எப்ப எங்க தொடங்குது, கொம்பனியின்ட ஒபிஸ் எந்த ஊரில. கிடைச்ச பதிலை அப்பிடியே போடுங்க, பதில் கிடைக்காட்டி கேட்டும் பதில் சொல்லல்ல எண்டு போடுங்க.

இப்படிக்கு,
உயர்தரப் பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.